சோலர் பனலுக்குக் கீழே மாட்டுப்புல்: வன்னிக் காணிக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

பனல் பூட்டி முடிந்த கிழமை பக்கத்து வளவு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்டா: "தம்பி, உது மாட்டுக்குக் கொட்டிலோ, மனுசருக்குக் கொட்டிலோ?"

"கரண்டுக்கு ஆச்சி."

"அப்ப கீழ கிடக்கிற நிலம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அங்கே நெருஞ்சியும் தொட்டாற்சுருங்கியும்தான் கிடந்தன. இன்றைக்கு இடுப்பளவு கினிப்புல் நிற்கிறது. இடையில் நான்கு வருடம் போனது. இரண்டு முறை நட்டுப் பிடுங்கினேன், ஒரு பனலும் உடைந்தது. அந்த நான்கு வருடத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐடியா புதியதல்ல. 1981 இல் ஜேர்மனியில் கோற்ஸ்பேர்கர், சாஸ்ட்ரோ என்ற இருவர், பனலை இரண்டு மீற்றர் உயர்த்தி இடைவெளி விட்டு நிறுத்தினால் கீழே உருளைக்கிழங்கு போடலாம் என்று எழுதினார்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரருடையவை. அவர்களுடைய சூரியன் வேறு, புல் வேறு. அதை அப்படியே கிளிநொச்சிக்கோ ஒட்டுசுட்டானுக்கோ கொண்டுவந்தால் பிழைக்கும். எனக்குப் பிழைத்தது.

முதலில் கணக்கு, பிறகுதான் கனவு

20 கிலோவாற்றுத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 550 வாற்றுப் பனல் என்றால் 36 வேண்டும். ஒரு பனல் ஏறக்குறைய 2.28 மீற்றர் நீளம், 1.13 மீற்றர் அகலம். பதினெட்டு பதினெட்டாக இரண்டு வரிசை நிறுத்தினால் ஒவ்வொரு வரிசையும் 20 மீற்றருக்குச் சற்று மேலே வரும். வரிசைகளுக்கு இடையே 3 மீற்றரும் சுற்றவர நடக்க இடமும் விட்டால் ஏறக்குறைய ஒரு பரப்பு, அதாவது 253 சதுர மீற்றர் பிடிக்கும். (வன்னியில் ஏக்கரில்தான் கதைப்போம். ஆனால் இந்தக் கணக்குக்கு யாழ்ப்பாணத்துப் பரப்புத்தான் வசதி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்.)

தூணும் பாதையும் போக 200 சதுர மீற்றரில் புல் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு வெட்டுக்குச் சதுர மீற்றருக்கு 2 கிலோ, 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் 400 கிலோ. நாளுக்கு 9 கிலோ. 250 கிலோ எடையுள்ள நாட்டுப் பசு உடல் எடையில் பத்திலொரு பங்கு, அதாவது 25 கிலோ பச்சைப்புல் தின்னும். ஆக, ஒரு பரப்புப் பனலுக்குக் கீழே விளைவது மூன்றிலொரு பசுவுக்குத்தான் காணும்.

இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். பத்து மாடு வைத்திருப்பவர் இதை நம்பிப் பட்டி கட்டக்கூடாது. ஒரு கறவைப் பசுவுக்கு மேலதிகப் பச்சையாக, கன்றுகளுக்கும் ஆடுகளுக்கும், கோடையில் வைக்கலோடு கலக்க என்று பார்த்தால் 9 கிலோ பெரிய விசயம். ஓர் ஏக்கரைப் பனலுக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறவருக்கு இதே கணக்கு ஐந்து ஆறு பசு.

வன்னியில் மாட்டுக்கு இரண்டு பஞ்ச காலம் உண்டு. ஆவணியில் புல் கருகிக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். மற்றது மாரியில். ஊரெல்லாம் பச்சை, ஆனால் வயல் முழுக்கக் காலபோக நெல். மேய்க்க நிலமில்லாமல் மாட்டைக் காட்டுக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். அறுவடைக்குப் பிறகு மாசி பங்குனியில் தாள் மேய்ச்சல் கிடைக்கும்வரை இதுதான் நிலை. பனலுக்குக் கீழ்ப்புல் இந்த இரண்டு காலத்துக்கும் கை கொடுக்க வேண்டும். பின்னால் சொல்லப்போகும் எல்லாம் இதை வைத்துத்தான்.

காணியைப் பாருங்கள்

வயல்காணியில் பனல் நடவேண்டாம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும். மேட்டுக்காணியே நல்லது. அனுமதிப்பத்திரக் காணி என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், குத்தகைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. தூணுக்கு மூன்றடி கிண்டப் போகிறீர்கள். காணி மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று விதானையாரிடமும் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்திலும் உறுதி செய்யுங்கள். பத்து வருடம் மாடு மேய்ந்த காணிதானே என்று நினைக்காதீர்கள். மாடு மேற்பரப்பில்தான் நடக்கிறது. சந்தேகமான இரும்பு தெரிந்தால் மண்வெட்டியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்து அறிவியுங்கள்.

மார்கழியில் தண்ணீர் தேங்கும் பள்ளமா என்று ஒரு மாரி பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கினிப்புல் கிழமைக்கணக்கில் நீரில் நின்றால் அழுகும்.

பனல் வாங்கமுன் ஒரு கிடுகுப் பந்தல்

எனக்கு யாரும் சொல்லித்தராத படி இது. இலட்சக்கணக்கில் செலவழிக்கமுன் நாலாயிரம் ஐயாயிரத்தில் உங்கள் மண்ணைக் கேட்டுப் பார்க்கலாம்.

பத்தடிக்கு இருபதடியில் ஏழடி உயரப் பந்தல் ஒன்று போடுங்கள். மேலே ஏழடி அகலத்துக்குக் கிடுகை நெருக்கி வேயுங்கள், அடுத்த ஏழடியை வெறுமையாக விடுங்கள், மிச்சத்துக்கு மறுபடி கிடுகு. பனல் வரிசையின் நிழல் ஏறக்குறைய இதுதான். அதன் கீழே நீங்கள் நினைத்திருக்கும் புல் வகைகளைக் குறுக்குப் பாத்திகளாக நட்டு, வெயிலில் அதேயளவு பாத்தி ஒன்றையும் நட்டு ஒரு போகம் விடுங்கள். வெட்டும்போது தடியால் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சட்டம் செய்து போட்டு, உள்ளே விழுந்ததை மட்டும் அறுத்துத் தராசில் வையுங்கள். நடு நிழல், நிழல் விளிம்பு, வெளி வெயில் மூன்றிலும் தனித்தனியே நிறுத்து கொப்பியில் எழுதுங்கள். மேலே நான் போட்ட 2 கிலோவை அழித்துவிட்டு உங்கள் எண்ணைப் போட்டுக் கணக்கைத் திருப்பிச் செய்யுங்கள்.

போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் இருந்தால் அதுவும் உதவும். காலை ஒன்பது, மதியம், பின்னேரம் மூன்று மணிக்கு வெளியேயும் நிழலிலும் அளந்து விகிதத்தை மட்டும் பாருங்கள். எண்ணை நம்பத் தேவையில்லை, விகிதம் போதும்.

நிழல் எங்கே விழும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். பனல் பூட்ட வருபவர்கள் கரண்டைத்தான் பார்ப்பார்கள், நிழலைப் பார்ப்பது உங்கள் வேலை.

வன்னி வட அகலக்கோடு 9 பாகையை ஒட்டி இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மதியம் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்ட தடிக்கு நிழல் இராது. பிறகு அது வடக்கே போய், ஆவணி மாதத்தில் இன்னொரு தடவை உச்சியைக் கடந்து தெற்கே இறங்கும். அதாவது ஆனி, ஆடியில் எங்கள் மதிய வெயில் வடக்கிலிருந்து வருகிறது. ஜேர்மன்காரருக்கு இந்தக் கதையே கிடையாது.

தெற்குப் பார்த்து 10 பாகைச் சாய்வில், தாழ்ந்த விளிம்பு ஏழடி உயரத்தில் நிற்கும் வரிசையை எடுங்கள். ஜூன் கடைசியில் மதிய நிழல் பனலுக்கு நேர் கீழிருந்து தெற்கே இரண்டடிதான் விலகும். டிசம்பர் கடைசியில் வடக்கே ஐந்தடி விலகும். ஆகவே ஒரு வரிசைக்கு மூன்று பட்டிகள் உண்டு: கீழே நடுவில் வருடம் முழுக்க நிழல் குறையாத பட்டி, தெற்கு விளிம்பில் கோடை நிழலும் மாரி வெயிலும் பெறும் பட்டி, வடக்குப் பக்கம் மாரி நிழலும் கோடை வெயிலும் பெறும் பட்டி. தெற்கு விளிம்புதான் பொன்னான இடம். மாரியில் மேகம் மூடிக் குறைந்த வெளிச்சத்தைச் சிந்தாமல் வாங்கும், ஆடியில் கருகாமல் நிற்கும்.

வரிசை கிழக்கு மேற்காக ஓடினால் நிழல் நாள் முழுக்கத் தன் நீளத்திலேயே வழுக்கும். நடுப்பட்டிக்குக் காலை மாலைச் சாய்வெயில்தான் மிஞ்சும். வரிசையை வடக்குத் தெற்காக ஓடவிட்டு, பனலைக் கிழக்கோ மேற்கோ பார்த்து மிகக் குறைந்த சாய்வில் வைத்தால் நிழல் காலையிலிருந்து மாலைவரை நிலத்தைக் கூட்டிக்கொண்டு போகும். எல்லாப் புல்லுக்கும் கொஞ்சம் வெயில், கொஞ்சம் நிழல் கிடைக்கும். நாங்கள் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இதில் கரண்ட் இழப்பும் சொற்பம். புதிதாகப் பூட்டுகிறவருக்கு நான் சொல்வது வடக்குத் தெற்கு வரிசைதான். என்னுடையது கிழக்கு மேற்கு. பூட்டும்போது எனக்கு இது தெரியாது.

உயரம், தூண், காற்று

பூட்ட வந்த பெடியள் மூன்றடி உயரம் போதும் என்றார்கள். குழாய்ச் செலவு மிச்சம் என்றார்கள். முதல் மாரியிலேயே புல் பனல் விளிம்பைத் தாண்டியது. ஒரு பனலின் ஓரத்தில் புல் நிழல் விழுந்தால் அதோடு தொடுத்த மற்றப் பனல்களின் உற்பத்தியும் சேர்ந்து விழும் என்பதை மாதக் கணக்கைப் பார்த்துத்தான் படித்தேன். பிறகு தூணை வெட்டி, நீட்டி, வெல்டிங் பிடித்த செலவில் ஒரு கன்றுத்தாய்ச்சிப் பசு வாங்கியிருக்கலாம்.

தாழ்ந்த விளிம்பு ஏழடிக்குக் குறையக்கூடாது. ஆள் நிமிர்ந்து நின்று அறுக்கவும் புல்லுக்கட்டைத் தலையில் வைத்து வெளியே வரவும் அது வேண்டும். வரிசைகளின் நடுவே லாண்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) போய்த் திரும்ப 3 மீற்றர் வேண்டும்.

உயர்த்தினால் காற்றுப் பிடிக்கும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் பூநகரி, மன்னார்ப் பக்கம் நின்று பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. மன்னாரில் 100 மெகாவாற்றுக் காற்றாலையை அதற்காகத்தானே வைத்தார்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியதையும் மறக்கவேண்டாம். செம்மண் காணியில் கொங்கிறீற்று அடி மூன்றடி ஆழமாவது போகவேண்டும், முல்லைத்தீவுக் கரையோர மணலில் அதைவிட ஆழமும் அகலமும் வேண்டும். தூண்களுக்குக் குறுக்குக் கம்பி கட்டாயம். இதில் மேசனின் கண்மட்டத்தை நம்பாமல் ஒரு பொறியியலாளரிடம் வரைபடம் வாங்குங்கள்.

வயர்களைக் குழாய்க்குள் விட்டு இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். புதைத்த பாதைக்கு மேலே வெள்ளை பூசிய கல் வரிசை வையுங்கள். மூன்று வருடம் கழித்து மண்வெட்டி பிடிப்பவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள். பனலிலிருந்து வரும் டீசீ வயரில் நூற்றுக்கணக்கான வோல்ற்று ஓடும், வெயில் இருக்கும்வரை அதை நிறுத்த முடியாது.

இடத்தை உழுவதும் எரு போடுவதும் தூண் நடமுன் முடியட்டும்.

பனலின் கூரைநீர்

50 மில்லிமீற்றர் மழை பெய்தால், பனலின் தாழ்ந்த விளிம்பில் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 110 லீற்றருக்கு மேல் ஒரே கோட்டில் விழும். 20 மீற்றர் வரிசைக்கு 2,200 லீற்றர். இரண்டு கறுப்புத் தாங்கி நிறையும். ஐப்பசியில் இப்படி நாலு மழை போதும், வெறும் செம்மண்ணில் அந்தக் கோடு முழங்காலளவு வாய்க்காலாகிவிடும்.

முதல் வருடம் எனக்கு நட்ட தூரெல்லாம் கழுவுப்பட்டு வேலிக்கரையில் குவிந்து கிடந்தது. இப்போது விழுகோட்டில் ஓரடி அகலத்துக்கு உடைகல் பரவி, அதன் இரு கரையிலும் வெட்டிவேர் நெருக்கி நட்டிருக்கிறேன். நீர் மெல்ல வழிந்து கடைசியில் ஒரு குழிக்குப் போகிறது. வசதி இருந்தால் பீலி பூட்டித் தாங்கியில் பிடியுங்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் சுண்ணாம்புக் காவி. பனலைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கேத்தலின் அடியில் படிவதுபோல வெள்ளைப் படலம் ஏறும், பிறகு உரசித்தான் எடுக்கவேண்டும். சூடடிப்புத் தூசும் செம்மண் புழுதியும் பனலை மூடும் மாசி முதல் ஆடிவரை, மாரியில் பிடித்த மழைநீரால் விடியற்காலையில் கழுவுங்கள். கழுவிய நீர் அதே கோட்டில் புல்லுக்குப் போகும். வெயிலேறிச் சுட்ட கண்ணாடிக்குக் குளிர்நீர் அடிக்கவே வேண்டாம்.

அதே காரணத்துக்காகத் தூவல் நீர்ப்பாசனமும் வேண்டாம். சொட்டுக்குழாய் அல்லது சால் போதும். மின்சார சபை இணைப்போடு ஓடும் சோலர், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கோடையில் மோட்டரை நம்பியிருப்பவர் இரண்டு மூன்று பனலைப் பிரித்துத் தனி டீசீ மோட்டருக்குக் கொடுப்பது புத்தி.

எந்தப் புல்?

எல்லோரும் முதலில் கேட்பது சி.ஓ-3. கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியரையும் கலந்து எடுத்த அருமையான புல். பனலுக்குக் கீழே மட்டும் வேண்டாம். முழு வெயில் கேட்கும், ஆளுயரத்தைத் தாண்டும். நிழலில் தண்டு மெலிந்து, வெளிறி, வெளிச்சத்தைத் தேடிப் பனலுக்கு மேலே தலை நீட்டும். நான் முதலில் நட்டது அதைத்தான். சி.ஓ-3 ஐ வரிசைகளுக்கு வெளியே, வடக்கு எல்லையில், பனலிலிருந்து பன்னிரண்டடியாவது தள்ளி வெயிலில் நடுங்கள். பனலின் மோட்டர்த் தண்ணீர் அங்கே போகட்டும். உண்மையைச் சொன்னால், பனல் எங்கள் மாட்டுக்குச் செய்த பெரிய உபகாரம் நிழல் அல்ல, ஆடியிலும் ஓடும் இந்தத் தண்ணீர்தான்.

நிழலுக்குக் கினிப்புல். ஏ-9 வீதிக்கரையிலும் குளக்கட்டுகளிலும் தானாக முளைத்துக் கிடக்கிறது, நடுகைக்குக் காசில்லை. மர நிழலில் வளர்ந்து பழகிய தூராகப் பார்த்துக் கிளப்புங்கள். பாலை, வேம்பின் கீழே நிற்பது வீதிவெளியில் நிற்பதைவிட நன்றாகப் பிடித்தது. இது என் அனுபவம் மட்டுமே. அடுத்தது பிரக்கியாரியா. தென்னந்தோப்புகளின் கீழே மாட்டுக்கு வளர்ப்பது இந்த இனத்தைத்தான். தரையோடு படர்வதால் விழுகோட்டு மண்ணையும் பிடிக்கும். ஈரம் தேங்கும் மூலைக்குப் பராப்புல்.

வெளிநாட்டு எண்களைப் பார்த்து ஏமாறவேண்டாம். அமெரிக்காவின் ஓரிகனில் 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோடைக் கடைசியில் பனல் நிழலில் 90 சதவீதம் கூடுதல் புல் கிடைத்தது. உண்மைதான். ஆனால் அது நீர் பாய்ச்சாத குளிர்நாட்டுப் புல், அந்த இனத்துக்கு அரை வெயிலே வயிறு நிறையும். எங்கள் கினி, நேப்பியர், சோளம், இறுங்கு எல்லாம் வெயில் கூடக் கூட வளரும் சாதி. மண்ணில் ஈரம் இருக்கும்போது நிழல் அவற்றின் விளைச்சலைக் குறைக்கும். ஈரம் இல்லாதபோது நிழல் அவற்றைக் காப்பாற்றும். மாரியில் வெளிப்பாத்தி வெல்லும், வைகாசி தொடங்க நிழற்பாத்தி முந்தும். என் கொப்பியிலும் அப்படித்தான் இருக்கிறது.

பயற்றினத்தில் கௌபி நல்லது. நிழலைத் தாங்கும், புரதமும் கொடுக்கும். வரிசைகளின் நடு இடைவெளியில் ஐப்பசி மழைக்கு விதைத்துப் பூக்கும் நேரம் அறுத்துவிடுங்கள். மயில் கிண்டும், விதைத்து முளை எழும்பும்வரை பழைய மீன்வலை விரியுங்கள். சங்குப்பூ, சென்ட்ரோ போன்ற கொடிகள் நல்ல தீவனம்தான், ஆனால் தூணில் ஏறிப் பனலை மூடும். அவை வேலிக்குப் போகட்டும். கிளிசரியா, இப்பில் இப்பில் என்ற தீவன மரங்கள் வடக்கு வேலியில் நின்றால் பனலில் நிழல் குறைவாகத்தான் விழும். நெஞ்சுயரத்தில் கவ்வாத்துப் பண்ணுங்கள். இப்பில் இப்பிலை மாட்டின் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள், அதிலுள்ள நஞ்சு மயிரை உதிர்க்கும்.

நடுகை

ஆவணி புரட்டாதியில் உழுது, பரப்புக்கு ஒரு லாண்ட்மாஸ்ரர் பெட்டி உக்கிய மாட்டெரு போட்டுக் கலந்துவிடுங்கள். எங்கள் செம்மண் காய்ந்தால் கல்லு, நனைந்தால் களி. முதல் மழை விழுந்து இரண்டு நாள் கழித்து, மண் கையில் ஒட்டாமல் உடையும் பதத்தில் நடுங்கள்.

கினித்தூரைப் பிரிக்கும் விதம்: பழைய தூரை மண்ணோடு கிளப்பி, வேரில் உள்ள மண்ணைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். கத்தியால் பிளக்காமல், இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பிரித்தால் மூன்று நான்கு கிளை ஒன்றாக, வேரோடு வரும். இலையை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், நீண்ட வேரையும் நாலு விரலளவுக்கு நறுக்குங்கள். வெயிலில் இருபது அங்குலத்துக்கு ஒன்று. நடு நிழற்பட்டியில் இரண்டடிக்கு ஒன்று என்று ஐதாக்குங்கள், நிழலில் நெருக்கினால் ஒன்றோடொன்று போட்டி போட்டுத் தண்டாகப் போகும். தூணைச் சுற்றி ஓரடி வெறுமையாக இருக்கட்டும்.

முதல் மாதம் களை பிடுங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அதற்குப் பிறகு புல்லே பார்த்துக்கொள்ளும்.

வெட்டு

முதல் வெட்டுக்கு 75 நாளாவது பொறுங்கள். பிறகு மாரியில் வெயிற்பட்டி 40 முதல் 45 நாளில் வரும், நிழற்பட்டிக்கு 55, 60 நாள் கொடுங்கள். நிழலில் வளரும் புல்லின் வேரில் சேமிப்புக் குறைவு. அடிக்கடி வெட்டினாலும் ஒட்ட வெட்டினாலும் செத்துப்போகும். வெயிலில் நாலு விரல், நிழலில் ஒரு சாண் தாள் விட்டு அறுங்கள். கினி பூக்கவிடாதீர்கள். பூத்தால் தண்டு முற்றும், மாடு தள்ளிவிடும், பனலும் மறையும்.

அரிவாளால் அறுங்கள். புல்லு வெட்டும் மெஷினை உள்ளே கொண்டுபோய்த்தான் எனக்குப் பனல் உடைந்தது. பாக்களவு கல் ஒன்று தெறித்தது, சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை. அப்படி வெடித்த பனலைக் கையால் தொடாதீர்கள், பூட்டியவரைக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு எருக்கரைசல் ஊற்றுங்கள். யூரியா போடுவதென்றால் பரப்புக்கு 2 கிலோவுக்குள், நிழற்பட்டிக்கு அதில் பாதி. 2021 இல் யூரியா இல்லாமல் போன போகத்தில் எருவோடு மட்டுமே ஓட்டினேன். வெயிற்பட்டி வெளிறியது, நிழற்பட்டியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நிழற்பட்டிக்கு யூரியாவைக் குறைக்கச் சொல்வது காசுக்காக மட்டுமல்ல. புல் உறிஞ்சும் நைத்திரேற்றைப் புரதமாக்க வெயில் வேண்டும். நிழலிலும், வரட்சியிலும், வரட்சிக்குப் பின் வந்த முதல் மழையிலும் அது தண்டில் தேங்கும். அதைத் தின்ற மாடு மூச்சிரைத்து விழும், இரத்தம் சொக்லேற் நிறத்தில் இருக்கும். இறுங்கில் இன்னொரு ஆபத்து. முழங்காலுக்குக் கீழான இளம் பயிரிலும் வாடித் துளிர்த்த பயிரிலும் சயனைட்டு நஞ்சு ஊறும், அப்போது இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. உலர்த்தினால் சயனைட்டு குறையும், நைத்திரேற்று குறையாது. ஆகவே யூரியா போட்ட புல்லை மூன்று கிழமைக்குள் வெட்டாதீர்கள், வரட்சி முறிந்த மழைக்குப் பிறகு ஒரு கிழமையாவது பொறுங்கள், பசித்த மாட்டுக்கு முதலில் வைக்கல் கொடுத்துப் பிறகு பச்சை போடுங்கள். மாடு தள்ளாடினால் நாட்டு மருந்து தேடி நேரம் போக்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

நிழற்புல்லில் நீர் அதிகம். காலையில் அறுத்து மாலைவரை வாடவிட்டு, நறுக்கி, வைக்கலோடு கலந்தால் மாடு அசைபோடும், சாணியும் இளகாது.

மாட்டை உள்ளே விடலாமா?

வேண்டாம். மாடு தூணில் முதுகு தேய்க்கும், ஆடு எதிலும் ஏறும், இரண்டும் வயரை நக்கும். செம்மறி மட்டும் ஓரளவு அடக்கம். வெட்டிப் போடுவதே எங்கள் அளவுக்குச் சரி. யானை வரும் பக்கம் என்றால் மின்வேலி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. யானைக்குக் கினிப்புல்லும் பிடிக்கும், உரசத் தூணும் பிடிக்கும்.

அறுக்கப் போகுமுன் நீண்ட தடியால் புல்லைத் தட்டிவிட்டுப் பூட்ஸோடு இறங்குங்கள். நிழல், ஈரம், எலி மூன்றும் சேர்ந்த இடத்தைப் புடையன் பாம்பு விடாது. இன்வேட்டர் பெட்டியைச் சுற்றி ஒரு மீற்றர் வெறுந்தரை இருக்கட்டும். மாசியில் அயல் வயல்களில் வைக்கல் கொளுத்தத் தொடங்கமுன் காணியைச் சுற்றிப் பத்தடிக்குத் தீத்தடுப்புப் பாதை செருக்கிவிடுங்கள்.

தையில் மிஞ்சுவதைக் கோடைக்கு வையுங்கள்

தைப்பொங்கலை ஒட்டிய வெட்டுத்தான் வருடத்தின் பெரிய வெட்டு. அறுவடை முடிந்து வயலில் தாள் மேய்ச்சல் வரப்போவதால் அந்தப் புல் உடனே தேவைப்படாது. கினியை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, அரை நாள் வாடவிட்டு, நூறு கிலோவுக்கு 2, 3 கிலோ மொலாசஸ் தெளித்து, மூடியுள்ள நீலப் பீப்பாவில் போடுங்கள். ஒரு சாண் போடுவது, ஆள் இறங்கி மிதிப்பது, மறுபடி ஒரு சாண். குதிக்காலால் அழுத்தினால் அடையாளம் விழாத அளவுக்கு மிதிபடவேண்டும். காற்று இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மேலே பொலித்தீன் விரித்து, மண்மூட்டை வைத்து, மூடியை இறுக்குங்கள். ஆறு கிழமைக்குப் பிறகு திறக்கலாம். மஞ்சள் கலந்த பச்சையாக, புளித்த தோசைமா வாசம் வந்தால் பதம் சரி. கறுத்து, சாணி நாற்றம் அடித்தால் எருக்குழிக்கு.

பீப்பாவின் மேல் நாளை எழுதி ஒட்டி, பனல் நிழலிலேயே அடுக்கி வையுங்கள். போன முறை நான் எட்டுப் பீப்பா வைத்தேன். ஆடிக் கடைசியில் மூன்றாவதைத் திறந்தபோது ஆச்சியின் வெள்ளைப் பசு வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.